முதியோர் இல்லமும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்

நிலப்படத்தை விரித்துக் காரைக்காலைத் தேடிப் பாருங்கள். கிழக்கே வங்கக் கடல். மற்ற மூன்று பக்கங்களிலும் தமிழ்நாடு. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்து, இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு துண்டாக விளங்கும் ஊர் இது. வடக்கே நண்டலாற்றுப் பக்கமும் தெற்கே வாஞ்சூரிலும் சோதனைச் சாவடிகள் உண்டு. வண்டிகளை நிறுத்திப் பைகளைப் பார்ப்பார்கள். ஆனால், எந்தச் சாவடியிலும் பிடிபடாமல் நாள்தோறும் எல்லையைக் கடக்கும் பயணிகளும் உண்டு. அவை நம் தோலிலும் மூக்கிலும் குடலிலும் வாழும் பாக்டீரியங்கள்.

இந்தப் பாக்டீரியங்களில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. சில நன்மையும் செய்கின்றன. ஆனால் அவற்றுள் ஒரு பிரிவு இன்று உலக மருத்துவர்கள் எல்லோரையும் கவலைக்குள்ளாக்கியிருக்கிறது. அதுதான் மருந்துக்கு அடங்காத பாக்டீரியங்களின் கூட்டம். 2019ஆம் ஆண்டில் மட்டும் இவற்றின் எதிர்ப்பாற்றல் காரணமாக உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. இவை எளிதாகத் தங்கிப் பெருகும் இடங்களுள் ஒன்று, முதியவர்கள் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லம். ஏன் அப்படி? அதைத் தடுப்பது எப்படி? இக்கட்டுரையில் பார்ப்போம்.

பாட்டியும் பத்து நாள் பயணமும்

காரைக்கால் வட்டாரத்து இல்லம் ஒன்றில் 78 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். தஞ்சாவூருக்கோ புதுச்சேரிக்கோ கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். எழுந்து நடக்க முடியாததால் சிறுநீர் வெளியேறக் குழாய் பொருத்துகிறார்கள். புண்ணில் சீழ் பிடிக்காமலிருக்க ஊசி மருந்து போடுகிறார்கள். பத்து நாளில் பாட்டி நலமாகத் திரும்பி வருகிறார். இல்லத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

பாட்டி தனியாகத் திரும்பவில்லை. மருத்துவமனையில் தொற்றிக்கொண்ட சில பாக்டீரியங்கள் அவருடைய குடலில் குடியேறியிருக்கலாம். ஊசி மருந்து அவருடைய குடலிலிருந்த சாதுவான பாக்டீரியங்களைக் கொன்று, புதியவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்திருக்கலாம். அவருக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அவருடைய துணியை மாற்றும் ஆயாவின் கைகள் அடுத்த கட்டிலுக்கும் போகின்றன. இந்த இடத்திலிருந்துதான் நம் பாடம் தொடங்குகிறது.

எதிர்ப்பு எவ்வாறு பிறக்கிறது?

மருத்துவர்கள் ஆன்டிபயாடிக் என்று சொல்லும் மருந்துகளை நாம் நுண்ணுயிர்க்கொல்லிகள் என்போம். இவற்றுள் புகழ்பெற்ற பெனிசிலினை 1928ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்தார். அவரே 1945ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். கிருமிகளைக் கொல்லப் போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால், அம்மருந்தைத் தாங்கப் பழகிய கிருமிகள் தோன்றிவிடும் என்பதே அந்த எச்சரிக்கை.

'பழகிய' என்ற சொல்லைச் சற்றுக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாக்டீரியம் மருந்தைக் கண்டு பயிற்சி எடுத்துக்கொள்வதில்லை. நடப்பது வேறு. நல்ல உணவும் வெப்பமும் கிடைத்தால் நம் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியம் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிளக்கும். ஆய்வுக்கூடத்தில் இரவு 10 மணிக்கு ஒரே ஒரு பாக்டீரியத்தை விட்டால், காலை 6 மணிக்குள் 24 முறை இரட்டிக்கும். 2-ஐ 24 முறை பெருக்கிப் பாருங்கள்: 1,67,77,216. ஒரே இரவில் ஒன்று, 1 கோடியே 67 லட்சமாகிவிடுகிறது!

ஒவ்வொரு முறை பிளக்கும்போதும் அதன் மரபுச் செய்தி படியெடுக்கப்படுகிறது. இவ்வளவு படிகள் எடுத்தால் எங்கோ ஓர் எழுத்துப் பிழை நேரத்தான் செய்யும். அந்தப் பிழை பெரும்பாலும் பயனற்றது. ஆனால் எப்போதாவது ஒரு பிழை, மருந்து வந்து பற்றிக்கொள்ளும் பூட்டின் வடிவத்தையே மாற்றிவிடும். சாவி பழையதுதான், பூட்டு மாறிவிட்டது. மருந்து வந்ததும் மற்றவை சாகின்றன, இந்த ஒன்று பிழைக்கிறது. போட்டிக்கு ஆளில்லாத வயலில் அது தன் இனத்தைப் பெருக்குகிறது. நெல்லுக்கு மருந்தடித்தபின் தப்பிய புழுக்களே அடுத்த போகத்தில் பெருகுவதைக் காவிரிப் படுகை உழவர்கள் நன்கு அறிவார்கள். இங்கே நடப்பதும் அதுவே. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு, ஒரு மனித உடலுக்குள் ஒரே வாரத்தில் நடந்து முடிகிறது.

சுங்கை பூலோ கற்பித்த பாடம்

முதியோர் இல்லங்களைப் பற்றிய ஆய்வுகள் பெருகுவதற்கு முன்பே, மக்கள் நெடுங்காலம் தங்கிய வேறொரு வகை இல்லம் இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டியது. அது தொழுநோய் இல்லம்.

தொழுநோய்க்கு 1940களில் சல்போன் என்னும் மருந்துக் குடும்பம் கிடைத்தது. நம் தமிழ்நாட்டில் செங்கல்பட்டை அடுத்த திருமணியிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் இம்மருந்துகளைக் கொடுத்து ஆராய்ந்தார். அந்த இல்லம்தான் 1955ஆம் ஆண்டு மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமாயிற்று. சல்போன்களுள் டாப்சோன் மாத்திரை மலிவானது. நன்றாக வேலையும் செய்தது. உலகெங்கும் தொழுநோயாளிகள் ஆண்டுக்கணக்கில் அந்த ஒரே மாத்திரையை விழுங்கினார்கள்.

மலேசியாவில் கோலாலம்பூருக்கு அருகே சுங்கை பூலோ என்னுமிடத்தில், 1930ஆம் ஆண்டு அமைந்த பெரிய தொழுநோய்க் குடியிருப்பு உண்டு. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பல இனத்தவர் அங்கே ஆயுள் முழுவதும் தங்கியிருந்தனர். அவர்களுள் சிலருக்கு முதலில் குணமாகிவந்த நோய் மீண்டும் தலைதூக்கியது. மாத்திரையை ஒழுங்காக உட்கொள்ளவில்லையா? அல்லது கிருமியே மாறிவிட்டதா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தொழுநோய்க் கிருமியை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க இயலாது. அது இரட்டிக்க ஏறத்தாழ 12 முதல் 14 நாட்கள் ஆகும். 20 நிமிட ஈ.கோலியோடு ஒப்பிட்டால் இது ஆமை வேகம். ஆனால் 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் சார்லஸ் ஷெப்பர்டு ஒரு வழி கண்டிருந்தார்: சுண்டெலியின் பாதத்தில் இக்கிருமி மெல்லப் பெருகும். பெட்டிட், ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சுங்கை பூலோ நோயாளிகளின் தோலிலிருந்து கிருமிகளை எடுத்துச் சுண்டெலிகளின் பாதத்தில் செலுத்தினர். எலிகளின் தீவனத்தில் டாப்சோனைக் கலந்தனர். மருந்து உண்ட எலிகளிலும் கிருமி பெருகியது! 1964ஆம் ஆண்டு அவர்கள் இதை வெளியிட்டபோது, தொழுநோய்க் கிருமி மருந்தை எதிர்த்து நிற்கும் என்பது முதன்முறையாக மெய்ப்பிக்கப்பட்டது.

இதற்கு விடை என்ன? இங்கே சிறிது கணக்குப் போடுவோம். ஒரு கோடிக் கிருமிகளுள் ஒன்று முதல் மருந்தைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். வேறு வகையான இரண்டாம் மருந்தைத் தாங்குவதும் கோடியில் ஒன்று என்க. இரண்டையும் ஒருசேரத் தாங்கும் கிருமி எத்தனையில் ஒன்று? கோடியைக் கோடியால் பெருக்க வேண்டும். 1-க்குப் பின் 14 சுழிகள்! மூன்றாம் மருந்தும் சேர்ந்தால் கிருமிக்குத் தப்ப வழியே இல்லை எனலாம். 1981ஆம் ஆண்டு உலக நல நிறுவனத்தின் நிபுணர் குழு, டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபசிமின் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. தொழுநோய்க்கு எதிரான போரின் போக்கை அது மாற்றியது.

இதில் மனிதர்களுக்குரிய ஒரு பாடமும் உண்டு. கூட்டு மருந்தால் குணமானவரிடமிருந்து நோய் பரவாது. ஆயினும் குணமான பின்பும் பலரை வீட்டார் அழைத்துப் போகவில்லை. கிருமி போய்விட்டது, அச்சம் போகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கிருமிகளின் கொடுக்கல் வாங்கல்

அப்படியானால் முதியோர் இல்லத்திலும் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துவிட்டால் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் குடல் பாக்டீரியங்களுக்குத் தொழுநோய்க் கிருமிக்குத் தெரியாத ஒரு வித்தை தெரியும்.

பாக்டீரியத்தின் முதன்மையான மரபுப் பொருளைத் தவிர, பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையங்களும் அதனுள் இருக்கும். பக்கத்திலுள்ள பாக்டீரியத்தோடு ஒரு மெல்லிய பாலம் போட்டு, இந்த வளையத்தின் படி ஒன்றைக் கொடுத்துவிட முடியும். வாங்குவது அதன் சொந்த இனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஈ.கோலி, கிளெப்சியெல்லாவுக்குக் கொடுக்கும். நீங்கள் தேர்வுக் குறிப்பை நண்பனுக்குப் படியெடுத்துக் கொடுப்பதைப் போல! ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் வரிசையாக இருக்கவும் கூடும். அப்போது 'கோடியைக் கோடியால் பெருக்கும்' நம் கணக்கு பலிக்காது. ஒரே வீச்சில் எல்லா எதிர்ப்பும் கைமாறிவிடுகிறது. 1950களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் பல மருந்துகளை ஒருங்கே எதிர்த்தபோது, அங்குள்ள அறிஞர்கள் இந்தக் கைமாற்றத்தைக் கண்டுபிடித்தனர்.

இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. மற்ற மருந்துகள் தோற்றபின் கடைசியாகப் பயன்படுத்தும் மருந்துகளுள் ஒன்று கார்பபெனம் வகை. அதையும் சிதைக்கும் ஒரு நொதி, 2008ஆம் ஆண்டு ஸ்வீடனில் ஒரு நோயாளியிடம் கிடைத்த கிளெப்சியெல்லாவில் காணப்பட்டது. அவர் அதற்குமுன் புதுதில்லியில் மருத்துவம் பெற்றவர். அதனால் அந்த நொதிக்கு என்.டி.எம்.-1 என்று புதுதில்லியின் பெயரையே வைத்தார்கள். இப்பெயர் சரியா என்று பெரிய விவாதம் எழுந்தது. விவாதம் ஒருபுறமிருக்க, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் பல நாட்டு ஆய்வாளர்களும் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அந்த மரபணுவைக் கொண்ட பாக்டீரிய மாதிரிகள் சென்னையில் 44-உம், அரியானாவில் 26-உம், பிரிட்டனில் 37-உம் கிடைத்ததாகத் தெரிவித்தனர். பெரும்பாலும் அது பிளாஸ்மிட்டில் ஏறிப் பயணம் செய்தது. 2011ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில், தில்லியில் எடுத்த 171 தேங்கிய நீர் மாதிரிகளுள் 51-இலும், 50 குடிநீர் மாதிரிகளுள் 2-இலும் இந்த மரபணு இருந்தது. மருத்துவமனைச் சுவருக்குள் அடைபட்ட சிக்கல் அன்று இது என்பது அப்போது விளங்கியது.

முதியோர் இல்லம் ஏன் ஏற்ற இடமாகிறது?

இனி நம் பாட்டியின் இல்லத்துக்கு வருவோம். அங்கே நான்கு காரணங்கள் ஒன்றுசேர்கின்றன.

முதலாவது, முதுமை. வயது ஏற ஏற நோயெதிர்ப்பு ஆற்றல் தளர்கிறது. சர்க்கரை நோய், படுக்கைப் புண், விழுங்குவதில் சிரமம் ஆகியவை கிருமிக்கு வாசல் திறந்துவிடுகின்றன.

இரண்டாவது, சிறுநீர்க் குழாய். குழாயின் உட்சுவரில் பாக்டீரியங்கள் வழவழப்பான படலம் கட்டி வாழும். மருந்து அந்தப் படலத்தை ஊடுருவிக் கொல்வது கடினம். குழாய் பொருத்திய நூறு பேரில் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 பேர் வரை புதிதாகச் சிறுநீரில் பாக்டீரியம் பெறுகின்றனர் என்பது மருத்துவ நூல்கள் கூறும் அளவு. நாளொன்றுக்கு 5 விழுக்காடு என்று கொண்டு கணக்கிடுங்கள். ஒரு நாள் தப்பும் வாய்ப்பு 0.95. 14 நாட்கள் தொடர்ந்து தப்பும் வாய்ப்பு 0.95-இன் 14ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 0.49. இரண்டே வாரத்தில் பாதிப் பேர்! 30 நாட்களில் நூற்றுக்கு 79 பேர். தேவை முடிந்த அன்றே குழாயை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதன் காரணம் இக்கணக்கில் இருக்கிறது.

மூன்றாவது, தேவையற்ற மருந்து. நெடுங்காலப் பராமரிப்பு இல்லங்களில் வாழும் பெண்களுள் நூற்றுக்கு 25 முதல் 50 பேருக்கும், ஆண்களுள் 15 முதல் 40 பேருக்கும், குழாய் இல்லாமலேயே சிறுநீரில் பாக்டீரியம் இருக்கும். ஆனால் எரிச்சலோ காய்ச்சலோ இராது. இது நோய் அன்று. பொதுவாக மருந்தும் தேவையில்லை. ஆயினும் பரிசோதனைத் தாளில் 'பாக்டீரியம் உண்டு' என்று கண்டவுடன் மருந்து கொடுக்கும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. அமெரிக்க முதியோர் இல்லங்களில் கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளில் நூற்றுக்கு 40 முதல் 75 வரை தேவையற்றதாகவோ பொருத்தமற்றதாகவோ இருக்கலாம் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் கூறுகிறது. ஒவ்வொரு தேவையற்ற மாத்திரையும் எதிர்ப்புக் கிருமிக்கு உரம் போடுவதாகும்.

நான்காவது, கூட்டு வாழ்க்கை. ஒரே கூடம், ஒரே கழிப்பறை, ஒரே ஆயா, மாறி மாறி மருத்துவமனைக்குப் போய்வரும் பலர். ஒருவர் கொண்டுவந்த கிருமி மற்றவரிடம் போக நெடுந்தூரம் இல்லை.

எந்த மருந்து கேட்கும் என்று அறிவது எப்படி?

நோய் உண்மையாகவே வந்துவிட்டால் ஊகித்து மருந்து கொடுப்பதைவிட, கிருமியை வளர்த்துப் பார்ப்பது நல்லது. நோயாளியின் சிறுநீரையோ சீழையோ எடுத்து, அதிலுள்ள பாக்டீரியத்தைக் கடற்பாசியிலிருந்து செய்த அகர் என்னும் கூழ் நிரப்பிய தட்டில் பரப்புவார்கள். அதன்மேல் வெவ்வேறு மருந்தில் தோய்த்த சிறு காகித வட்டுகளை வைப்பார்கள். ஓர் இரவு கழித்துப் பார்த்தால், தட்டு முழுவதும் பாக்டீரியம் படர்ந்திருக்கும். வேலை செய்யும் மருந்தின் வட்டைச் சுற்றி மட்டும், நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியதுபோல் ஒரு தெளிவான வளையம் காணப்படும். வளையத்தின் விட்டத்தை அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டால் எந்த மருந்து கேட்கும் என்பது தெரிந்துவிடும். வட்டின் ஓரம்வரை பாக்டீரியம் வளர்ந்திருந்தால் அந்த மருந்து பயன்படாது. விலை குறைந்த இச்சோதனை ஒருவரின் உயிரைக் காக்க வல்லது.

தாங்குபவர் வேறு, நோயாளி வேறு

இப்போது ஓர் இன்றியமையாத வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பாட்டியின் குடலில் எதிர்ப்புக் கிருமி இருக்கிறது. ஆனால் அவருக்கு நோய் இல்லை. இப்படிப்பட்டவரைக் கிருமிதாங்கி என்பார்கள். குடலில் இருக்கும்வரை அது வெறும் குடியிருப்பு. அதே கிருமி சிறுநீர்ப் பையிலோ இரத்தத்திலோ நுரையீரலிலோ புகுந்தால்தான் நோய். பல மாதங்கள் தங்கிவிட்டு, தானே மறைந்துபோவதும் உண்டு.

ஆகவே கிருமிதாங்கியை மூலையில் ஒதுக்கிவைப்பது அறிவியல் ஆகாது. அவரோடு பேசுவதால், அருகில் உட்கார்வதால், கதை கேட்பதால் நமக்குத் தீங்கு இல்லை. தொழுநோய் இல்லங்களில் குணமான பின்பும் ஒதுக்கப்பட்ட மனிதர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தவறு இன்னொரு பெயரில் திரும்பி வரக்கூடாது. தடுக்க வேண்டியது கிருமியின் பயணத்தை. மனிதரின் உறவை அன்று.

கையே வாகனம்: ஒரு செய்முறை

கிருமி காற்றில் பறந்து அடுத்த கட்டிலுக்குப் போவதைவிடக் கையில் ஏறிப் போவதே மிகுதி. இதை நீங்களே வகுப்பில் செய்து பார்க்கலாம்.

தேவையானவை: தேங்காய் எண்ணெய், மஞ்சள் தூள், துணி துவைக்கும் கட்டிச் சோப்பு, தண்ணீர், வெள்ளைத் தாள்கள்.

ஒரு மாணவர் இரண்டு சொட்டு எண்ணெயில் ஒரு சிட்டிகை மஞ்சளைக் குழைத்துக் கைகளில் தேய்த்துக்கொள்ளட்டும். அவர் இரண்டாமவரோடு கை குலுக்கட்டும், இரண்டாமவர் மூன்றாமவரோடு, இப்படி ஆறு பேர் வரை. பின்பு ஒவ்வொருவரும் தத்தம் கையை வெள்ளைத் தாளில் அழுத்துங்கள். மஞ்சள் எத்தனையாவது ஆள் வரை போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இனி முதல் மாணவர் வெறும் தண்ணீரில் கழுவட்டும். எண்ணெய் இருப்பதால் மஞ்சள் எளிதில் போகாது. அடுத்து ஈரக் கையில் சோப்பைத் தேய்க்கட்டும். என்ன ஆச்சரியம்! மஞ்சள் சிவந்துபோகிறது. சோப்பு காரத்தன்மை உடையது. மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். வேதியியல் வகுப்பில் நீங்கள் படித்த நிறங்காட்டிதான் அது. இந்தச் சிவப்பு, கையில் மிஞ்சியிருக்கும் இடங்களைக் காட்டிக் கொடுக்கும். கட்டைவிரல், விரல் இடுக்கு, நகத்தின் அடி ஆகிய மூன்று இடங்களைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஏறத்தாழ 40 நொடிகள் நன்றாகத் தேய்த்தால்தான் அவையும் தூய்மையாகும். முதியவர் ஒருவரைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் கை கழுவ வேண்டும். முன்பு கழுவுவது அவருக்காக. பின்பு கழுவுவது அடுத்தவருக்காக.

தூய்மைக்கு இவ்வளவு ஆற்றல் உண்டா? 2023ஆம் ஆண்டு வெளியான கலிபோர்னியா ஆய்வு ஒன்றைப் பாருங்கள். 28 முதியோர் இல்லங்களில் 28,956 பேரிடம் அது நடந்தது. பாதி இல்லங்களில் வழக்கமான பராமரிப்பு. மறு பாதியில் குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினியால் உடலைக் கழுவி, மூக்கினுள் அயோடின் கலந்த மருந்தைத் தடவினர். இப்படிச் செய்த இல்லங்களில், மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களுள் தொற்று நோயால் அனுப்பப்பட்டோரின் பங்கு 62.9 விழுக்காட்டிலிருந்து 52.2 விழுக்காடாகக் குறைந்தது. மற்ற இல்லங்களில் மாற்றமே இல்லை எனலாம். இந்த முறையை மருத்துவர் சொல்லாமல் யாரும் பின்பற்றக் கூடாது. ஆனால் புது மருந்து எதையும் விழுங்காமலேயே, தோலையும் மூக்கையும் தூய்மை செய்தே இத்தனை பேரைக் காக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

மருந்துக் கடையும் சிவப்புக் கோடும்

2012ஆம் ஆண்டு இந்திய மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி, நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கட்டுப்பாடின்றி விற்பதைத் தடுக்கத் திட்டம் வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' என்று அது பெயர் பெற்றது. 2014ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளிலிருந்து 'எச்-1' என்னும் புதிய பட்டியல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் அதில் 46 மருந்துகள் இருந்தன. பல நுண்ணுயிர்க்கொல்லிகளும் காசநோய் மருந்துகளும் அவற்றுள் அடங்கும். இவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு, மாத்திரை அட்டையில் உள்ள சிவப்புக் கோட்டின் பொருளை மக்களுக்கு விளக்கும் இயக்கமும் தொடங்கியது. வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளை எடுத்துப் பாருங்கள். செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சொன்னால் மட்டுமே உண்ண வேண்டிய மருந்து அது.

காரைக்காலில் 2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் வயிற்றுப்போக்கு பரவி, காலரா உறுதி செய்யப்பட்டு, பொது சுகாதார நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதை அவ்வூர் மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிகளுக்கு விடுமுறையும் விடப்பட்டது. காலராவில் உயிரைக் காப்பது முதன்மையாக உப்பு-சர்க்கரைக் கரைசல்தான். நுண்ணுயிர்க்கொல்லி, தேவைப்படும் நோயாளிகளுக்குத் துணை மருந்து மட்டுமே. சாதாரண வயிற்றுப்போக்குக்கும் சளிக்கும் அது பெரும்பாலும் தேவையே இல்லை. குடிநீரும் சாக்கடையும் கலக்காமல் காப்பது ஆயிரம் மாத்திரைகளுக்குச் சமம். முதியோர் இல்லங்களுக்கும் இது பொருந்தும். தூய நீர், தூய கழிப்பறை, தடுப்பூசி ஆகியவை நோயைக் குறைக்கும். நோய் குறைந்தால் மருந்து குறையும். மருந்து குறைந்தால் எதிர்ப்பும் குறையும்.

நீங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. தாத்தா பாட்டி உண்ணும் மாத்திரைகளின் பெயரையும் நாளையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அதைக் கையோடு கொண்டு போங்கள். மிஞ்சிய மாத்திரையை "எனக்குக் கேட்டது, உனக்கும் கேட்கும்" என்று யாரும் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க விடாதீர்கள். மருத்துவர் குறித்த நாள் வரை மருந்தை ஒழுங்காக உட்கொள்ளச் செய்யுங்கள். முதியோர் இல்லத்தைப் பார்க்கப் போனால் வாசலில் கை கழுவுங்கள். உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் இன்னொரு நாள் போங்கள். ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. ஒரு மருந்துக்கு எதிர்ப்பு 10 லட்சத்தில் ஒரு கிருமிக்கும், வேறொரு மருந்துக்கு எதிர்ப்பு ஒரு கோடியில் ஒரு கிருமிக்கும் இருந்தால், இரண்டையும் எதிர்க்கும் கிருமி எத்தனையில் ஒன்று? பிளாஸ்மிட் வழியாக எதிர்ப்பு பரவினால் இக்கணக்கு ஏன் பொருந்தாது?

2. நாளொன்றுக்கு 5 விழுக்காடு என்ற அளவில், சிறுநீர்க் குழாயை 14ஆம் நாளுக்குப் பதில் 4ஆம் நாளே எடுத்துவிட்டால் நூறு பேரில் எத்தனை பேர் தப்புவர்?

3. தொழுநோய்க் கிருமி 14 நாட்களுக்கு ஒரு முறை இரட்டிக்கிறது எனக் கொண்டால், அது 24 முறை இரட்டிக்க எத்தனை நாட்கள் ஆகும்? ஈ.கோலிக்கு ஆன 8 மணி நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

4. உங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் கை கழுவும் குழாய் கட்டில்களிலிருந்து எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது? அங்கே சோப்பு இருக்கிறதா? அனுமதி பெற்று அளந்து பாருங்கள். குழாய் தூரத்தில் இருந்தால், ஒரு நாளைக்கு ஐம்பது முறை நடக்க வேண்டிய ஆயா எத்தனை முறை கழுவுவார் என்று எண்ணிப் பாருங்கள். இல்லத்தின் பொறுப்பாளரோடு பேசி, கூடத்திலேயே ஒரு வாளி, ஒரு குவளை, ஒரு சோப்புக்கட்டி வைக்க உங்கள் வகுப்பு உதவ முடியுமா?